ஒரே வருடத்தில் வேலை மாற்றம், அரை மாரத்தான், ஜப்பானிய மொழி: இவ்வளவு பெரிய இலக்குகளை எப்படித் திட்டமிடுவது?

புதுத்தடம்:

அனைவருக்கும் வணக்கம். கணக்குப் பிரிவில் பதினொரு வருடமாக வேலை. மாதக் கணக்கு முடிப்பு, ஆடிட், மேலிடத்துக்கான அறிக்கைகள் எல்லாம் கைவந்த வேலை. எக்செல்லில் பிவட், லுக்அப் வரை பழக்கம் உண்டு. இப்போது டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு மாறுவது என்று முடிவு. கூடவே சொந்த வாழ்க்கையில் இரண்டு இலக்குகள்: ஓர் அரை மாரத்தான் ஓட வேண்டும் (இப்போதைக்கு நிற்காமல் 4 கி.மீ. ஓட முடிகிறது), ஜப்பானிய மொழி சரளமாகப் பேச வேண்டும். மூன்றுக்கும் ஒரு வருடம் என்று கெடு வைத்திருக்கிறேன்.

இது பேராசையா, சரியாகப் பிரித்துக்கொண்டால் முடிகிற காரியமா? எட்டுகிற இலக்கை மட்டும் வை என்று சிலர் சொல்கிறார்கள். பெரிதாக வைத்தால் பாதி கிடைத்தாலும் லாபம் என்று வேறு சிலர். எதை நம்புவது?

இன்னொன்று. யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதி வைத்த 3 சதவீதம் பேர், மற்ற எல்லாரும் சேர்ந்து சம்பாதித்ததைவிட அதிகம் சம்பாதித்தார்கள் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் எப்படி எழுதுவது? ஒரு வரியா, முழுத் திட்டமா?

நேரம்தான் பெரிய சிக்கல். வீடு திரும்ப மாலை ஏழரை ஆகிவிடும். ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் கணக்கு முடிப்பு, அந்த வாரம் வேறு எதையும் தொட முடியாது.

மணிக்கணக்கு:

பேராசையா இல்லையா என்பதை மணிக்கணக்கே சொல்லிவிடும். முதலில் அதைப் போடுவோம்.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 56. அலுவலகமும் பயணமும் 58 என்று வையுங்கள். சாப்பாடு, குளியல், வீட்டு வேலை, குடும்பம் எல்லாம் சேர்த்து 30. மிச்சம் 24. இது காகிதத்தில் வரும் மிச்சம். கைக்கு வருவது பாதிதான், ஏனென்றால் அந்த 24 மணி இருபது நிமிடம், முப்பது நிமிடம் என்று சிதறிக் கிடக்கும். இருபது நிமிடத்தில் பத்துச் சொற்களைத் திருப்பிப் பார்க்கலாம். தவறாக ஓடும் ஒரு எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழி) வினவலைத் திருத்த முடியாது. ஆகவே வாரம் 12 மணி.

வருடத்தின் 52 வாரத்தில் கணக்கு முடிப்பு வாரங்கள் 12 போய்விடும். காய்ச்சல், விருந்தினர், ஆண்டிறுதி நெருக்கடி என்று இன்னொரு 4. மீதி 36 வாரம். 36 × 12 = 432 மணி. உங்கள் மூன்று ஆசைகளும் பங்கு போட வேண்டிய மொத்த இருப்பு இவ்வளவுதான்.

இப்போது செலவுப் பக்கம். எஸ்க்யூஎல் 70 மணி, புள்ளியியல் 90, பைத்தான் நிரல்மொழியும் வரைபடங்களும் 120, செய்து காட்டுவதற்கான புராஜெக்டுகள் 140, ரெஸ்யூமே, விண்ணப்பம், நேர்முகத் தேர்வுத் தயாரிப்பு 60. கூட்டினால் 480. உங்களைப் போல எக்செல் தெரிந்தவருக்கான என் மதிப்பீடு இது. ஒரு வருட இருப்பு இங்கேயே தீர்ந்துவிட்டது.

ஜப்பானியத்துக்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுகிற தன் அதிகாரிகள் ஜப்பானியத்தில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற 88 வாரம், 2200 வகுப்பு மணி என்று கணக்கு வைத்திருக்கிறது. வினை கடைசியில் வருவதும், பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுவதும் தமிழ்க்காரருக்குப் புதிதல்ல, அதனால் பேச்சு கொஞ்சம் சீக்கிரம் வரலாம். காஞ்சி என்கிற, சீனத்திலிருந்து வந்த எழுத்துகளில் அந்தச் சலுகை கிடையாது. பாதி நேரமே போதும் என்று வைத்தாலும் 1100 மணி. உங்கள் வருட இருப்பைப் போல இரண்டரை மடங்கு.

இதற்கு மேல் இன்னொரு திருத்தம் வேண்டும். 1994-இல் பூஹ்லர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் செய்த ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்று கணித்தார்கள். ஆனது 55.5 நாள். 'எல்லாமே சொதப்பினால் எவ்வளவு ஆகும்' என்று கேட்டதற்குச் சொன்ன கணக்கு 48.6, அதுவும் போதவில்லை. அதாவது 1.6 மடங்கு. சொந்த வேலைக்கு நாம் போடும் கணக்கை இப்படிப் பெருக்கிக்கொள்வது நல்லது. 480 × 1.6 = 768 மணி. பன்னிரண்டு மணியையும் இதற்கே கொடுத்தாலும் 21 மாதம்.

சுருக்க வழி இருக்கிறது. கணக்குத் துறை அறிவை வீசிவிட்டுப் பொதுவான டேட்டா அனலிஸ்ட் ஆவதைவிட, நிதித் தரவைக் கையாளும் அனலிஸ்ட் ஆவதை முதல் இலக்காக வையுங்கள். பைத்தானைத் தள்ளிப் போடலாம். எஸ்க்யூஎல் 70, பவர் பிஐயும் (தரவை அறிக்கையாகக் காட்டும் மென்பொருள்) தரவு மாதிரியமைப்பும் (அட்டவணைகளை எப்படிப் பிரித்து இணைப்பது என்பது) 60, அடிப்படைப் புள்ளியியல் 40, புராஜெக்ட் 110, விண்ணப்பம் 60. மொத்தம் 340, 1.6-ஆல் பெருக்கினால் 544. வாரம் 9 மணி இதற்கு, 3 மணி ஓட்டத்துக்கு என்றால் ஏறக்குறைய 20 மாதம். ஜப்பானியம் இந்தச் சுற்றில் இல்லை.

ஓட்டம் ஒரு வருடத்துக்குள் நிச்சயம் நடக்கும். அரை மாரத்தான் 21.1 கி.மீ. நீள ஓட்டத்தை வாரத்துக்குச் சுமார் 1 கி.மீ. கூட்டுங்கள், நான்கு வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். 18 கி.மீ. வந்ததும் கடைசி இரண்டு வாரம் தூரத்தை இறக்கிவிட்டுப் போட்டிக்குப் போகலாம். இடையில் தவறும் சில வாரங்களையும் சேர்த்து 24 வாரம் வையுங்கள். குறைக்கிற வாரத்தைக் கணக்கு முடிப்பு வாரத்தோடு பொருத்தினால் உங்கள் மிகப் பெரிய தடையே ஓய்வு வாரம் ஆகிவிடும். முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்திலேயே ஓடுங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: மூச்சு தேறிவிட்டது என்று வேகத்தைக் கூட்டுவார்கள், தசைநாண் இன்னும் தேறியிருக்காது. கடைசி இரண்டு மாதம் நீள ஓட்டமே இரண்டு மணி தாண்டும், அப்போது படிப்பிலிருந்து வாரம் ஒரு மணி எடுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வானம்:

மணிக்கணக்கு அண்ணன் கணக்கைப் போட்டுவிட்டார். இலக்கை எப்படி எழுதுவது என்பதற்கு வருகிறேன்.

முதலில் அந்த யேல் கதை. அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் பார்த்தவர்களுக்குப் பல்கலைக்கழகத்திலேயே எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. அதை மறந்துவிடுங்கள். உண்மையான ஆய்வுகள் வேறு ஒன்றைச் சொல்கின்றன, அது இன்னும் பயனுள்ளது. 2016-இல் ஹார்கின் குழு 138 ஆய்வுகளைத் தொகுத்தது, ஏறக்குறைய 20,000 பேர். இலக்கு நோக்கிய முன்னேற்றத்தை அடிக்கடி அளந்து பார்த்தவர்கள் அதிகம் எட்டினார்கள். அளந்ததைப் பதிவு செய்தபோதும், வேறொருவருக்குத் தெரியச் சொன்னபோதும் பலன் இன்னும் கூடியது. ஆக, ஜனவரியில் ஒருமுறை எழுதி மேஜைக்குள் வைக்கும் காகிதம் உதவாது. வாராவாரம் எண் ஏறும் காகிதம் உதவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "நான் டேட்டா அனலிஸ்ட் ஆகப் போகிறேன்" என்று ஊருக்கெல்லாம் அறிவிப்பது வேறு, "இந்த வாரம் 9 மணியில் 7 மணி முடித்தேன்" என்று ஒருவரிடம் சொல்வது வேறு. உளவியலாளர் கோல்விட்ஸர் 2009-இல் வெளியிட்ட சோதனைகளில், யார் ஆக விரும்புகிறோம் என்பதைப் பிறர் கவனித்துவிட்டாலே உழைப்பு குறைந்தது, அந்த ஆளாகவே ஆகிவிட்ட நிறைவு முன்கூட்டியே வந்துவிடுவதால். எண்ணை மட்டும் ஒருவரிடம் சொல்லுங்கள்.

பெரிய இலக்கா, எட்டும் இலக்கா? எட்வின் லாக் 1968-இல் தொடங்கி, பிறகு கேரி லேதமுடன் சேர்ந்து பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளின் சாரம்: "முடிந்தவரை செய்" என்பதைவிடக் குறிப்பான, கடினமான இலக்கு நல்ல பலன் தருகிறது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. அதைச் செய்யும் திறமை கையில் இருக்க வேண்டும், மனப்பூர்வமாக ஏற்றிருக்க வேண்டும், எங்கே நிற்கிறோம் என்று அவ்வப்போது தெரிய வேண்டும். வேலை புதிதாகவும் சிக்கலாகவும் இருந்தால் விளைவு இலக்கு கெடுதலே செய்யும். கவனம் முழுக்க விளைவின் மேல் போய், வழியைக் கண்டுபிடிக்க மூளையில் இடமில்லாமல் போகிறது. அந்தக் கட்டத்தில் கற்றல் இலக்கு வைக்க வேண்டும்.

உங்களுக்கு இப்படிப் பொருத்தலாம். "வேலை வாங்க வேண்டும்" என்பது விளைவு இலக்கு, முதல் ஆறு மாதம் அதைத் தொடாதீர்கள். "மூன்று அட்டவணைகளை ஜாயின் செய்து (ஒன்றோடொன்று இணைத்து), மாதவாரியாகத் தொகுத்து, முந்தைய மாதத்தோடு ஒப்பிடும் வினவலை எதையும் பார்க்காமல் 30 நிமிடத்தில் எழுத வேண்டும்" என்பது கற்றல் இலக்கு. முடிந்ததா இல்லையா என்பதில் சந்தேகமே வராது. இன்னொன்று: "ஒரே தரவுக்கு இரண்டு விதமான மாதிரியமைப்பு செய்து, எது ஏன் மெதுவாக ஓடுகிறது என்று அரைப் பக்கம் எழுத வேண்டும்." ஓட்டத்திலும் இதே நியாயம்தான். முதல் போட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்று நேர இலக்கு வைக்காதீர்கள். 24 வாரப் பயிற்சியைக் காயமின்றி முடிப்பதே இலக்கு.

பாதி கிடைத்தாலும் லாபம் என்பதில் ஒரு குழப்பம் இருக்கிறது. இன்டெல்லில் ஆண்டி குரோவ் உருவாக்கிய இலக்கு முறையை முதலீட்டாளர் ஜான் டோர் 1999-இல் கூகுளுக்குக் கொண்டுபோனார். அங்கே துணிந்து வைத்த இலக்கில் 0.6, 0.7 மதிப்பெண் வந்தாலே நன்று என்பார்கள். ஆனால் வாக்குக் கொடுத்த இலக்குக்கு 1.0 வந்தாக வேண்டும். இந்த இரண்டு வகையையும் ஒரே பட்டியலில் கலந்தால் எல்லாமே 0.6 ஆகிவிடும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "வாக்கு" அல்லது "பாய்ச்சல்" என்று குறியுங்கள். வாரம் 9 மணி என்பது வாக்கு. இருபது மாதத்தில் வேலை என்பது பாய்ச்சல். அந்தத் தேதி உங்கள் கையில் மட்டும் இல்லை, காலியிடமும் சந்தையும் சேர்ந்து முடிவு செய்வது.

படிக்கும் முறையிலும் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. வீடியோ பார்ப்பதை மணிக்கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பார்க்கும்போது எல்லாம் புரிவது போல இருக்கும், வெற்றுத் திரை முன்னால் கை ஓடாது. ஒரு மணி பார்த்தால் இரண்டு மணி எழுத வேண்டும். ஒரு பாடம் முடிந்ததும் மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் காட்டியது இதைத்தான்: திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் தங்கியிருந்தது.

இடைநிலை:

மேலே இருவரும் இலக்கைப் பற்றிச் சொன்னார்கள். மாற்றத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பதினொரு வருட அனுபவக்காரர்கள் பின்வாங்குவதற்கு நேரமின்மையைவிட இதுவே பெரிய காரணம்.

வில்லியம் பிரிட்ஜஸ் என்பவர் மாற்றத்தின் உள்பக்கத்தை மூன்று கட்டமாகப் பிரித்தார்: பழையது முடிவது, இரண்டுக்கும் நடுவே நிற்பது, புதியது தொடங்குவது. முடிவதுதான் முதல் கட்டம் என்பதைக் கவனியுங்கள். இன்று அலுவலகத்தில் ஒரு கணக்கு இடித்தால் எல்லாரும் உங்களிடம் வருவார்கள். புதிய துறையில் உங்களைவிடப் பத்து வயது இளையவர் உங்கள் வேலையைத் திருத்துவார். இழப்பது இந்த மதிப்பை. இது முன்கூட்டியே தெரியாதவர்கள், ஐந்தாம் ஆறாம் மாதத்தில் வருகிற சோர்வைத் 'தனக்கு இது வராது' என்று தவறாகப் படித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நடுக்கட்டத்தின் இயல்பே அப்படித்தான்: பழைய வேலையில் மனம் ஒட்டாது, புதியதில் கை வராது.

அதனால் நடுக்கட்டத்தைச் சின்னதாகச் செய்ய வேண்டும். வழி உங்கள் மேஜையிலேயே இருக்கிறது. மாதக் கணக்கு முடிப்பில் கையால் செய்கிற ஒரே ஓர் அறிக்கையை எடுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே வடிவத்தில், இரண்டு மூன்று கோப்பிலிருந்து ஒட்டித் தயாரிப்பதாக இருக்கட்டும். அதைப் பவர் குவெரியில் (எக்செல்லிலேயே இருக்கும், கோப்புகளை இணைத்துச் சீராக்கும் கருவி) அமையுங்கள். முதல் இரண்டு மாதம் கைவேலையையும் கூடவே செய்து இரண்டு விடையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாத இடம் வந்தால் பெரும்பாலும் காரணம் இந்த மூன்றில் ஒன்று: தேதி எழுத்தாகப் பதிவாகியிருக்கும், குறியீட்டு எண்ணின் முன்னால் இருந்த பூஜ்யம் உதிர்ந்திருக்கும், ஒரே விலைச்சீட்டு இரண்டு முறை இணைந்திருக்கும். இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் அனலிஸ்ட் வேலையின் பாதி, அதுவும் அலுவலக நேரத்துக்குள். கணக்கு முடிப்பு வாரமும் கொஞ்சம் இளகும்.

மூன்றாவது மாதம் மேலாளரிடம் காட்டுங்கள். "துறை மாற விரும்புகிறேன்" என்று தொடங்க வேண்டாம். "இந்த அறிக்கைக்கு முன்பு ஆறு மணி ஆனது, இப்போது நாற்பது நிமிடம், அடுத்து எதைச் செய்யலாம்?" என்று கேளுங்கள். நிறுவனத்துக்குள்ளேயே தரவுக் குழு இருந்தால் அவர்களோடு சேர்ந்து ஒரு வேலை கேட்க இது வாசல். நிறுவனத்துக்குள்ளேயே மாறினால் உங்கள் பதினொரு வருடமும் மதிப்பாக நிற்கும், வெளியே போனால் அதை ரெஸ்யூமேயில் நீங்களேதான் விளக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம். நிறுவனத் தரவை வெளியே எடுத்து புராஜெக்டாகக் காட்டாதீர்கள், பெயர்களை அழித்துவிட்டாலும் சரி. அது பெரும்பாலும் வேலை ஒப்பந்தத்தை மீறுவது, நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவரும் அதை அப்படித்தான் பார்ப்பார். அரசுகள் வெளியிடும் திறந்த தரவு ஏராளமாக உண்டு, அதை எடுங்கள்.

இன்னொரு வேலையை இந்த வாரமே செய்யலாம். நீங்கள் விரும்பும் பதவிக்கான 30 வேலை விளம்பரங்களை எடுத்து, கேட்கிற திறமைகளை ஒரு தாளில் எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் வருவது கட்டாயம், ஐந்தாறில் மட்டும் வருவதை இப்போது விடலாம். மணிக்கணக்கு பைத்தானைத் தள்ளச் சொன்னார். எனக்கும் சம்மதம்தான், ஆனால் உங்கள் 30 விளம்பரத்தில் 20 பைத்தான் கேட்டால் விளம்பரம் சொல்வதைக் கேளுங்கள். இருபதாம் மாதம்வரை காத்திருக்காமல் பத்தாம் மாதமே நாலைந்து இடத்துக்கு விண்ணப்பியுங்கள். வேலை கிடைக்காமல் போகலாம், எந்தக் கேள்வியில் தடுமாறுகிறீர்கள் என்று தெரியும். அடுத்த மாதங்களின் படிப்பை அதுவே வகுக்கும். கையில் கடிதம் வரும்வரை ராஜினாமா வேண்டாம்.

புதுத்தடம்:

மூவருக்கும் நன்றி. ஜப்பானியத்தைத் தள்ளி வைப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் 2200 மணியைப் பார்த்த பிறகு வாதாட ஒன்றும் இல்லை.

இரண்டு சந்தேகம். இரண்டு வாரம் தொடர்ந்து விட்டுப்போனால் மொத்தமும் கையைவிட்டுப் போவதுதான் வழக்கம். அதற்கு என்ன வழி? அப்புறம், ஓர் இலக்கை எப்போது விடலாம், எப்போது விடக்கூடாது என்று எப்படித் தெரியும்?

ஆழிமழை:

விட்டுப்போவதைப் பற்றி. லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்தது. புதிய பழக்கம் தானாக வர ஆகும் காலத்தின் நடு மதிப்பு 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது (12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணித்தவை). 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று சொல்வதை நம்பாதீர்கள், 22-ஆம் நாள் கஷ்டமாக இருந்தால் தன்மேலேயே சந்தேகம் வரும். அதே ஆய்வில் நமக்குத் தெம்பு தருவது இன்னொன்று: ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. பாதிப்பது, தவறியதும் "போச்சு, இனி அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிற எண்ணம்.

அதற்கு இரண்டு ஏற்பாடு செய்யுங்கள். ஒன்று, அவசர விடுப்பு. இலக்கைக் கடினமாகவே வைத்துக்கொண்டு, மாதத்துக்கு மூன்று அமர்வை முன்கூட்டியே விடுப்பாக ஒதுக்குங்கள். மரிஸா ஷரீஃப், சூசன் ஷூ இருவரின் ஆய்வுகளில், இலக்கையே தளர்த்திக்கொண்டவர்களைவிட இப்படிக் கையிருப்பு வைத்தவர்கள் நன்றாகத் தாக்குப் பிடித்தார்கள். தவறிய நாள் தோல்வியாகத் தெரிவதில்லை, இருப்பிலிருந்து ஒன்று எடுத்ததாகத் தெரிகிறது. அதை வீணாக்க மனமும் வருவதில்லை.

இரண்டாவது, குறைந்தபட்ச அளவு. கணக்கு முடிப்பு வாரத்துக்குத் தனி அளவு எழுதுங்கள்: இருபது நிமிட ஓட்டம் இரண்டு முறை, எஸ்க்யூஎல் பயிற்சிக் கணக்கு ஒன்றே ஒன்று. பூஜ்யமாக மட்டும் விடாதீர்கள். ஒரு வாரம் முழுக்கத் தொடாவிட்டால், எங்கே விட்டோம் என்று தேடவே அடுத்த வாரத்தின் முதல் அமர்வு போய்விடும். அதனால் ஒவ்வொரு அமர்வின் கடைசி ஐந்து நிமிடத்தில், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள்.

"இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவத்தில் எழுதுவதன் பலனை கோல்விட்ஸரும் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துக் காட்டினார்கள். மன உறுதியை நம்பி இருப்பதைவிட இது மேல், ஏனென்றால் முடிவை அந்த நேரத்தில் எடுக்க வேண்டியதில்லை. உங்களுக்கு: "எட்டரை மணிக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் மடிக்கணினியைத் திறப்பேன்." "வீடு திரும்ப எட்டரை தாண்டினால் அன்று படிப்பு இல்லை, மாற்று நாளில் உட்காருவேன்." "இரண்டு அமர்வு தொடர்ந்து தவறினால் மூன்றாவது பதினைந்து நிமிடம் மட்டும்." நாலைந்துக்கு மேல் எழுதாதீர்கள், நினைவில் நிற்காது. எந்தத் தடைக்கு எழுதுவது என்று தெரியாவிட்டால் உளவியலாளர் கேரி க்ளைன் சொல்லும் வழி நல்லது: இருபது மாதம் கழித்து இந்த முயற்சி தோற்றே போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று பத்து நிமிடம் எழுதுங்கள். முதலில் எழுதும் மூன்று காரணங்களுக்கு முன்னேற்பாடு செய்யுங்கள்.

எப்போது விடுவது? சோர்ந்திருக்கிற நாளில் முடிவு செய்யக்கூடாது என்பதால் இப்போதே எழுதி வைக்க வேண்டும். தேதி, எண் இரண்டும் இருக்கட்டும். "ஆறாம் மாத முடிவில் 120 மணிகூட உட்காராவிட்டால் இந்த வேகம் எனக்கு ஒத்துவராது, கெடுவை 30 மாதமாக மாற்றுவேன்." "120 மணிக்கு மேல் உட்கார்ந்தும் மூன்று அட்டவணை வினவல் தானாக எழுத வரவில்லை என்றால் கற்கும் முறையை மாற்றுவேன், ஒருவரிடம் நேரில் கற்பேன்." "பத்தாம் மாதம் உண்மையான தரவில் வேலை செய்து பார்த்து, அந்த வேலையே பிடிக்கவில்லை என்றால் விடுவேன்." மூன்றும் மூன்று வேறு நோய், மருந்தும் வேறு. நேரம் போதாதவர் இலக்கை விட்டுவிடுவதும், வேலையே பிடிக்காதவர் கூடுதல் நேரம் போடுவதும்தான் அடிக்கடி நடக்கும் குளறுபடி.

விடுவது பற்றிக் குற்ற உணர்ச்சி வேண்டாம். உளவியலாளர் கார்ஸ்டன் வ்ரோஷ் 2003 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், எட்ட முடியாத இலக்கை விட்டு வேறொன்றைப் பிடித்துக்கொள்ள முடிந்தவர்கள் மனநிலையில் மேலாகவே இருந்தார்கள். ஜப்பானியத்துக்கும் அதையே செய்யுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால் அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும். "புதிய வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம் முதல் தேதி மறுபடி எடுப்பேன்" என்று நாட்காட்டியில் எழுதிவிடுங்கள்.

ஓட்டத்தில் மட்டும் ஒரு விதி பேரம் பேச முடியாதது. நடையையே மாற்றும் வலி, அல்லது ஓட ஓடக் கூடும் வலி வந்தால் அன்றே நிறுத்த வேண்டும். சில நாள் ஓய்வில் போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புதுத்தடம்:

இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள்.

செவ்வாய், புதன், வியாழன் இரவு 8.30 முதல் 10 வரை படிப்பு. சனி காலை மூன்று மணி, ஞாயிறு மாலை ஒன்றரை மணி. மொத்தம் 9. ஓட்டம் திங்கள், வெள்ளி காலை 45 நிமிடம், ஞாயிறு காலை நீள ஓட்டம். முதல் 90 நாளில் எஸ்க்யூஎல் கற்றல் இலக்கும், ஓர் அலுவலக அறிக்கையைப் பவர் குவெரிக்கு மாற்றுவதும். ஞாயிறு இரவு 20 நிமிடம் வாராந்திரப் பதிவு. எண்களைத் தங்கையிடம் சொல்வேன்.

மணிக்கணக்கு:

நன்றாக இருக்கிறது. மூன்று திருத்தம் மட்டும்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. செவ்வாய் தவறினால் ஏற்ற இடமே இல்லை, வாரம் முழுக்கப் பெயர் போட்டு நிரப்பிவிட்டீர்கள். புதனைக் காலியாக விட்டு, அந்த ஒன்றரை மணியைத் திங்கள் இரவுக்கு மாற்றுங்கள். புதன் மாற்று நாள். எதுவும் தவறாத வாரத்தில் அது முழு ஓய்வு, அன்று கூடுதலாகப் படிக்க உட்கார வேண்டாம்.

சனிக்கிழமை மூன்று மணியை ஒரே நீட்டில் வைக்காதீர்கள். 50 நிமிடம் வேலை, 10 நிமிடம் எழுந்து நடப்பது என்று மூன்று சுற்று. முதல் சுற்றில் அந்த வாரத்தின் மிகக் கடினமான பகுதி, கடைசிச் சுற்றில் வாரநாட்களில் கற்றதை நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது.

ஞாயிறுப் பதிவில் நிறைய எழுதினால் நாலாவது வாரம் நின்றுவிடும். மூன்று எண் போதும்: உட்கார்ந்த மணி, தானாக எழுதி முடித்த கணக்குகள், ஓடிய தூரம். நாலாவதாக ஒரு வரி, இந்த வாரம் எது தடுத்தது என்று. ஒரே தடை மூன்று வாரம் தொடர்ந்து வந்தால் அட்டவணையை மாற்றுங்கள். போட்டிக்குப் பதிவு செய்யும் முன் அந்தத் தேதி கணக்கு முடிப்பு வாரத்திலோ அதற்கு அடுத்த ஞாயிறோ விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் அடுத்த போட்டிக்குப் பதிவு செய்யுங்கள்.